இருபதாவது பெயர்

மணி இரவு பதினொன்று நாற்பது. ஆட்டையாம்பட்டியிலிருந்து வெண்ணந்தூர் போகிற ரோடு. இரண்டு பக்கமும் மரவள்ளிக் காடு, நடுநடுவே கோழிப் பண்ணை. அந்த நேரத்தில் நாய்கூடக் குறுக்கே வராது. ஒரே ஒரு ஸ்கூட்டி போய்க்கொண்டிருக்கிறது... ஓட்டுகிறவள் பெண்.

சின்னுசாமி அண்ணா, முதலில் அந்த பேட்டரி ரேடியோவை அணையுங்கள். அணைத்தால்தான் மேலே சொல்வேன். கரண்ட் வந்து வெல்டிங் ஆரம்பிக்கும்வரை பொழுது போக ஒரு பேய்க் கதை வேண்டும் என்று நீங்கள்தான் கேட்டீர்கள். கேட்டுவிட்டு, சோறு இறங்கவில்லை என்று என்னைத் திட்டக் கூடாது. இதில் பேய் கொஞ்சம்தான். அருவருப்புதான் அதிகம்.

நம் பட்டறையில் முன்பு இருந்தானே சிவக்குமார், அவனுடைய அக்காவுக்கு நடந்தது இது. பெயர் பிரவீனா. அரசாங்க ரேடியோவில் அறிவிப்பாளர். எந்த நிலையம் என்று கேட்காதீர்கள், சேலத்துப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிரந்தர வேலை கிடையாது. தேவைப்படும் நாளுக்கு மட்டும் கூப்பிடுவார்கள். ஆனால் அந்தக் குரல் இருக்கிறதே... கடையில் போய் அரைக் கிலோ தக்காளி கேட்டால், கடைக்காரர் தராசை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்ப்பார். புருஷன் விட்டுவிட்டுப் போய் எட்டு வருடம். ஒரே மகள் யாழினி, நாமக்கல்லில் பள்ளி விடுதியில் தங்கிப் பதினொன்றாவது படிக்கிறாள். பிரவீனாவுக்கு உலகத்தில் இரண்டு பிடிமானம். ஒன்று மகள், இன்னொன்று மைக்.

செவ்வாய்க்கிழமை இரவு எட்டு மணிக்கு அவளுடைய நிகழ்ச்சி, நேயர் விருப்பம். உங்களுக்குத் தெரிந்ததுதான். அஞ்சலட்டையில் பாட்டின் பெயரை எழுதி, கீழே தன் பெயர், ஊர், கூட உட்கார்ந்து கேட்கப் போகிறவர்களின் பெயர் எல்லாம் எழுதி அனுப்புவார்கள். அறிவிப்பாளர் அத்தனை பெயரையும் வாசித்துவிட்டுப் பாட்டைப் போடுவார். ஒரு காலத்தில் சாக்கு மூட்டையில் அட்டை வந்ததாம். இப்போது யார் எழுதுகிறார்கள்? பாட்டு வேண்டுமென்றால் போனைத் தட்டினால் வந்து நிற்கிறது. வாரத்துக்கு ஐந்து அட்டை, மூன்று அட்டை என்று தேய்ந்து, கடைசியில் ஒன்றில் வந்து நின்றது.

புதிதாக வந்த அதிகாரி அவளைக் கூப்பிட்டு நயமாகத்தான் சொன்னார். ஒரு நிகழ்ச்சிக்கு இருபது நேயர் பெயராவது வர வேண்டும், இல்லாவிட்டால் அந்த ஒரு மணி நேரத்தைச் சென்னை ஒலிபரப்புக்கு விட்டுவிடலாம் என்றார். சென்னைக்கு விட்டால் பிரவீனாவுக்கு மைக் இல்லை. அவள் தபால் ஆபீஸில் ஒரு கட்டு அட்டை வாங்கினாள். இடது கையால், வலது கையால், சாய்த்து, நிமிர்த்தி, தானே எழுதினாள்.

இருபது பேரைக் கற்பனை செய்வது என்ன பெரிய காரியம் என்று நினைப்பீர்கள். நான்கு வாரம் செய்து பாருங்கள், அப்போது தெரியும். ராசிபுரம் செல்வி ஒரே மாதத்தில் மூன்று தடவை வந்துவிட்டாள். அதிகாரி சிரித்துக்கொண்டே கேட்டார், இந்தச் செல்விக்கு வேறு வேலையே இல்லையா என்று. அன்றோடு பிரவீனா கற்பனையை விட்டாள். உண்மையான பெயர்கள் வேண்டும். ஊரோடு, தெருவோடு, நிறைய வேண்டும்.

கிடைத்தது. பஸ் ஸ்டாண்டுச் சுவரில்.

கண்ணீர் அஞ்சலி போஸ்டர்... அதில் என்ன குறை? பெயர் இருக்கிறது, ஊர் இருக்கிறது, எந்தக் காட்டுக் கொட்டாய் என்பதுகூட இருக்கிறது. தினமும் புதுசு புதுசாக ஒட்டுகிறார்கள். ஸ்கூட்டியை ஓரமாக நிறுத்தி, போன் வந்தது போல எடுத்து, சுவரை ஒரு படம் பிடித்துக்கொள்வாள். வீட்டுக்கு வந்து 'மறைவு' என்கிற வரியை விட்டுவிட்டு மற்றதை அட்டையில் எழுதுவாள். செவ்வாய்க்கிழமை எட்டு மணிக்கு, மண் இன்னும் காயாத மனிதர்கள் எல்லாம் காதல் பாட்டு கேட்டார்கள். செத்தவன் வாயில் போட்ட அரிசியைத் துழாவி எடுத்துச் சோறாக்கித் தின்பது போல இல்லையா இது? சொல்லும்போதே எனக்கு உமட்டுகிறது.

அவள் தெருவிலேயே கண்ணுசாமி என்று ஒரு பெரியவர் இறந்தார். மூன்றாம் நாள் சடங்கு முடித்துவிட்டு எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள். சமையல்கட்டில் ரேடியோ பாடிக்கொண்டிருக்கிறது. வெண்ணந்தூரிலிருந்து கண்ணுசாமி விரும்பிக் கேட்ட பாடல் என்று வருகிறது. அவர் சம்சாரம் பொன்னாயி கையிலிருந்த சொம்பைப் போட்டுவிட்டு எழுந்தாள். அதன் பிறகு அந்த அம்மாள் தினமும் எட்டு மணிக்கு ரேடியோ முன்னால் போய் உட்கார்ந்துகொள்வாள், அவர் மறுபடி ஏதாவது கேட்பாரோ என்று. பிரவீனா அந்த வீட்டைத் தாண்டித்தான் குழாயடிக்குப் போவாள். பார்த்தாள், தலையைக் குனிந்துகொண்டு போனாள். அடுத்த செவ்வாயும் போஸ்டரிலிருந்துதான் எழுதினாள்.

அந்த ஒரே ஒரு நிஜ அட்டை யாருடையது என்று சொல்லவில்லையே. ஓமலூர் மாதேஸ்வரன். காட்டுக்குள் தனி வீடு, இரண்டு காலும் வராது. வாரம் தவறாமல் ஓர் அட்டை, முத்து முத்தான எழுத்து. பாட்டின் பெயர், அதன் கீழே 'என்னுடன் சேர்ந்து கேட்பவர்' என்று ஒரே ஒரு பெயர். பெரும்பாலும் பால் ஊற்ற வருகிற சுகன்யா. ஒரு தடவை எருமையின் பெயரை எழுதியிருந்தார். வேறு ஆள் இல்லை, பாவம்.

அந்த மாதேஸ்வரன்தான் ஒரு வாரம் இப்படி எழுதினார். "அம்மணிக்கு வணக்கம். தாங்கள் வாசித்த எங்கள் ஊர்ச் சின்னான் அதற்கு முந்தின வெள்ளியே காலமாகிவிட்டார். அடக்கத்துக்கு என்னையும் கட்டிலோடு தூக்கிப் போனார்கள். வேறு சின்னானாகவும் இருக்கலாம். பார்த்துச் சொல்லவும்."

திருடனுக்குத் தேள் கொட்டியது போல ஆகிவிட்டது அவளுக்கு. யாரிடம் போய்ச் சொல்வது? அட்டையைக் கிழித்துப் போட்டாள். அந்த ஆத்திரத்தில் மாதேஸ்வரன் பெயரை வாசிப்பதையே நிறுத்திவிட்டாள். நன்றாகக் கவனியுங்கள்... அவளுக்கு இருந்த ஒரே உயிருள்ள நேயர். அவரை விட்டுவிட்டு இருபது பிணத்தை வாசித்தாள். அவரோ அப்போதும் வாரம் ஓர் அட்டை போட்டுக்கொண்டுதான் இருந்தார்.

இப்போது அந்த ரோட்டுக்கு வாருங்கள். பதினொன்று நாற்பது.

நம் பக்கம் பண்ணை ஷெட்டில் ராத்திரியும் ரேடியோ ஓடும், தெரியும்தானே. திடீர்ச் சத்தத்துக்குக் கோழி மிரண்டால் முட்டை குறையும். அதனால் ஆள் பேச்சுக்குப் பழகட்டும் என்று போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். நிலையம் பதினொன்று பத்துக்கு மூடிவிடும். அதன் பிறகு ஷெட்டுக்கு ஷெட் ஸ்ஸ்ஸ் என்று வெறும் இரைச்சல்தான். பிரவீனா கடைசி அறிவிப்பைச் சொல்லிவிட்டு அந்த இரைச்சலைக் கேட்டுக்கொண்டேதான் வேலை இருக்கிற ராத்திரியெல்லாம் வீட்டுக்குப் போவாள்.

வழியில் ஒரு பண்ணை மூடிக் கிடந்தது. நோய் விழுந்து, அத்தனை கோழியையும் ஒரே நாளில் பின்பக்கம் குழி தோண்டிப் போட்டுவிட்டார்கள். ஆழமாகத் தோண்டவில்லை. நாய் வந்து கிளறும். மழை பெய்தால் மஞ்சளாக ஒரு தண்ணீர் ரோடு வரைக்கும் வரும். கோழி எரு நாற்றம் நமக்குப் பழக்கம், அதை நாற்றம் என்றே சொல்ல மாட்டோம். இது வேறு. கூமுட்டையை மூக்குக்குக் கீழே உடைத்து, அதிலேயே வெந்நீர் ஊற்றியது போல... பிரவீனா எப்போதும் அந்த இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு போய்விடுவாள்.

அன்றைக்கு அந்த ஷெட்டில் ரேடியோ பாடியது.

கரண்ட் இணைப்பைப் பிடுங்கி ஒரு வருடமான ஷெட். விளக்கு இல்லை, கோழி இல்லை. வண்டியை நிறுத்தினாள். காகிதம் புரளும் சத்தம். பிறகு ஒரு சின்ன மூச்சு... பெயர் வாசிப்பதற்கு முன்னால் அவள் எப்போதும் இழுக்கிற மூச்சு. பிறகு அவளுடைய குரல். "அத்தனூரிலிருந்து வளவன். மல்லூரிலிருந்து..." என்று ஐந்து பெயர். அவ்வளவுதான். மறுபடியும் ஸ்ஸ்ஸ்.

யாரோ குடிகாரன் உள்ளே படுத்துக்கொண்டு, பழைய நிகழ்ச்சியைப் போனில் பதிவு செய்து கேட்கிறான் என்று நினைத்துக்கொண்டாள். மறுநாள் செவ்வாய். அந்த வாரம் பதினைந்து போஸ்டர்தான் கிடைத்திருந்தது. ஐந்து பெயர் குறைகிறது. காதில் இருந்த ஐந்தையும் எழுதிப் பட்டியலை இருபது ஆக்கினாள், வாசித்தாள்.

வியாழக்கிழமை ஆட்டையாம்பட்டி பஸ் ஸ்டாண்டில் வண்டியை நிறுத்தினாள். பையன்கள் பசை தடவி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். அத்தனூர் வளவன், வயது முப்பத்தொன்று. மறைவு, புதன்கிழமை. பக்கத்தில் மல்லூர்க்காரர், அவருக்குப் பக்கத்தில் இன்னும் மூன்று. ஐந்து பேரும் புதன்கிழமை. பசை இன்னும் வழிந்துகொண்டிருந்தது, அதன்மேல் ஈ மொய்த்தது. அவள் செவ்வாய்க்கிழமை வாசிக்கும்போது அந்த ஐந்து பேரும் உயிரோடு இருந்திருக்கிறார்கள். கட்டணக் கழிப்பிடத்துக்குள் ஓடிப் போய் ஓங்கரித்தாள். காலையில் தின்ற இட்லி முழுக்க வெளியே வந்தது.

சரி, அத்தோடு விட்டிருக்கலாம் அல்லவா? மனுஷி என்றால் விட்டிருப்பாள். அதிகாரி வேறு கூப்பிட்டு, நேயர்கள் கூடி வருகிறார்கள், நன்றாகச் செய்கிறீர்கள் என்று சொல்லிவிட்டார். ஏதோ தற்செயல் என்று தன் மனதைத் தானே தட்டித் தூங்க வைத்தாள்.

அடுத்த திங்கள் ராத்திரி ஷெட் மறுபடி பேசியது. ஐந்து பெயர். ஐந்தாவது பெயர், வெண்ணந்தூர் அன்பரசு. எதிர்வீட்டுத் தறிக்காரர். பிரவீனாவுக்கு முடியாத நாளில் தண்ணீர்க் குடத்தைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டுப் போகிறவர். செவ்வாய்க்கிழமை நான்கு பெயரை வாசித்தாள், அன்பரசை மட்டும் விட்டுவிட்டாள். பெரிய தர்மவதி.

அன்று ராத்திரி திரும்பும்போது அந்த ஷெட்டில் ஒரே பெயர்தான். வெண்ணந்தூர் அன்பரசு... வெண்ணந்தூர் அன்பரசு... வண்டியை முறுக்கினாள். அடுத்த ஷெட்டிலும் அதே. நிலையம் மூடிய பிறகு, ரோட்டில் இருந்த அத்தனை ஷெட்டிலும் அவள் குரல் அந்த ஒரு பெயரையே சொல்லிக்கொண்டு பின்னாலேயே வந்தது. வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினால் அடுப்பங்கரையில் அந்த நாற்றம். படுத்தால் தலையணையில் அந்த நாற்றம். சோற்றைப் பிசைந்தால் விரல் இடுக்கில் வழவழவென்று மஞ்சள் கரு. மூன்று நாள் தாங்கினாள். வெள்ளிக்கிழமை காலை அறிவிப்பில், யாருக்கும் சந்தேகம் வராமல், வெண்ணந்தூர் அன்பரசு என்று ஒரு பாட்டுக்கு முன்னால் சொல்லிவிட்டாள். நாற்றம் அந்த நொடியே போய்விட்டது. அன்பரசு சனிக்கிழமை தறி மேலேயே சரிந்து விழுந்தார்.

இழவு வீட்டில் எல்லோரோடும் சேர்ந்து அழுதாள். அங்கே வைத்துத்தான் அவளுக்கு உறைத்தது. விட்ட பெயரை அது விடாது. ஐந்து என்றால் ஐந்து வேண்டும்.

அதற்கு அடுத்த திங்கள், அந்த ரோடே வேண்டாம் என்று மல்லூர் வழியாகச் சுற்றிக்கொண்டு போனாள். மல்லூர் வழியில் மட்டும் பண்ணை இல்லையா? முதல் ஷெட்டைத் தாண்டும்போதே காகிதம் புரண்டது. அந்தச் சின்ன மூச்சு. நான்கு பெயர் வந்தது. பிறகு... "நாமக்கல் பள்ளி விடுதியிலிருந்து யாழினி."

வண்டி சாய்ந்து முழங்கால் கிழிந்தது. அங்கேயே தரையில் உட்கார்ந்து விடுதிக்குப் போன் போட்டாள். வார்டன் திட்டிக்கொண்டே பிள்ளையை எழுப்பிக் கொடுத்தார். யாழினி தூக்கக் கலக்கத்தில், நன்றாகத்தான் இருக்கிறேன், நாளைக்குப் பரீட்சை, தூங்க விடுங்கள் என்றாள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். வளவனுக்கும் அன்பரசுக்கும் அம்மா இருந்திருப்பாள் என்பது அன்றைக்குத்தான் இவள் ஞாபகத்துக்கு வந்தது.

செவ்வாய்க்கிழமை எட்டு மணி. கண்ணாடி அறை. சிவப்பு விளக்கு எரிந்தது. பதினைந்து போஸ்டர் பெயரையும் வாசித்தாள். ஷெட் சொன்ன முதல் நான்கு பெயரையும் வாய் கூசாமல் வாசித்தாள். அந்த நான்கு பேரும் யார் யாரோ, அவளுக்கு என்ன? இருபதாவது பெயருக்கு வந்தாள்.

நின்றுவிட்டாள்.

ரேடியோவில் பேச்சு நின்றால் எப்படி இருக்கும் தெரியுமா... இரண்டு நொடி ஒரு யுகம். ஏசி அறைக்குள் அந்த நாற்றம் மெல்லக் கிளம்பியது. மைக்கின் சல்லடை ஓட்டையில் மஞ்சளாக ஏதோ கசிந்தது. ஐந்து நொடி... எட்டு நொடி... கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த டெக்னீஷியன் விரலால் கண்ணாடியைத் தட்டினார், டக் டக் டக். அவளைக் கேட்காமலே அவள் உதடு 'நா' என்று திறந்தது.

மேஜை மேல் அந்த வாரத்து ஒரே நிஜ அட்டை கிடந்தது. "அம்மணிக்கு வணக்கம். என் பெயரைத் தங்கள் குரலில் கேட்டு எட்டு வாரம் ஆகிறது. நான் ஏதும் தப்பாக எழுதியிருந்தால் மன்னிக்கவும். இறந்தவர் பெயர் இன்னும் வருகிறது. ஏழு பேரைக் குறித்து வைத்திருக்கிறேன். நிலையத்துக்குக் கெட்ட பேர் வரக் கூடாதே என்றுதான். பெரிய அதிகாரிக்கு ஒரு வரி எழுதட்டுமா?"

அவள் அந்தச் சின்ன மூச்சை இழுத்தாள். நல்ல குரலில், பிசிறில்லாமல் சொன்னாள்.

"ஓமலூரிலிருந்து மாதேஸ்வரன்."

பாட்டைப் போட்டாள். நாற்றம் நின்றது. மைக் சுத்தமாக இருந்தது.

அந்த நேரத்தில் பால் பாத்திரம் கழுவ வந்த சுகன்யா அங்கே இருந்திருக்கிறாள். பிறகு ஊரெல்லாம் சொல்லியிருக்கிறாள். தன் பெயரைக் கேட்டதும் மாதேஸ்வரனுக்கு முகமெல்லாம் பல்லாம். "பாத்தியா சாமி, அம்மணி என்னைய மறக்கல" என்றாராம். பாட்டு முடிவதற்குள் தலை சாய்ந்துவிட்டது. ரேடியோவை அணைக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை.

வியாழக்கிழமை பிரவீனா அந்தப் போஸ்டரைத் தேடிக்கொண்டு சேலம் பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள். சின்ன போஸ்டர், கறுப்பு வெள்ளை. பார்த்ததும் அவளுக்கு முதலில் வந்தது அழுகை இல்லை. நிம்மதி. பக்கத்துக் கடையில் நின்று ஒரு டீ குடித்தாள், ஒரு பஜ்ஜியும் தின்றாள். இதை அவளே சிவக்குமாரிடம் சொன்னாள். அவன் என்னிடம் சொன்னபோது நான் கையிலிருந்த டீயைக் கீழே கொட்டிவிட்டேன். பேய் என்ன செய்யும், அண்ணா? அது பெயரை மட்டும்தான் சொன்னது.

அதோடு ஷெட்டுகள் பேசுவது நின்றது. ரோடு முழுக்க வெறும் இரைச்சல்தான். யாழினி பரீட்சை எழுதினாள், நல்ல மார்க்.

அடுத்த செவ்வாய் தபாலில் ஓர் அட்டை வந்தது.

முத்து முத்தான எழுத்து. ஓமலூர் முத்திரை, தேதி அவர் செத்த வாரத்துச் சனிக்கிழமை. அட்டையின் ஓரம் ஈரமாக, கையில் ஒட்டியது. பாட்டின் பெயர் எழுதவில்லை. "ஓமலூர் மாதேஸ்வரன். என்னுடன் சேர்ந்து கேட்பவர், நாமக்கல் யாழினி. அம்மணி தவறாமல் வாசிக்கவும்." அவ்வளவுதான். மூக்கருகே கொண்டு போகவே தேவையில்லை, அந்த நாற்றம் அறைக்குள் நின்றது.

எரித்தாள். அடுத்த வாரமும் வந்தது. அதையும் எரித்தாள். மூன்றாவது வாரம் அட்டை வருவதற்கு முன்பே அதிகாரியிடம் போய், இனி வரமாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். அந்த ஒரு மணி நேரம் சென்னைக்குப் போய்விட்டது. பிரவீனா வீட்டில் இருந்த ரேடியோவைக் கல்லால் நசுக்கிக் குப்பையில் போட்டாள். மைக் இல்லை, நிகழ்ச்சி இல்லை, வாசிக்க ஆள் இல்லை. வாசிக்காத பெயருக்கு ஒன்றும் ஆகாது என்று அவள் கணக்குப் போட்டாள். பல வருடம் கழித்து அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினாளாம்.

ஒரு மாதம் ஒன்றும் இல்லை. சிவக்குமார் அக்காவைப் பார்த்துவிட்டு வரலாம் என்று வெண்ணந்தூர் போயிருந்தான். செவ்வாய்க்கிழமை. இரண்டு பேரும் சாப்பிட உட்கார்ந்திருக்கிறார்கள். சரியாக எட்டு மணிக்குப் போன் அடித்தது. யாழினி. விடுதியில் பிள்ளைகளுக்குப் போன் பேசும் நேரம் அது. பிரவீனா ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் தட்டை இழுத்தாள்.

"அம்மா, உங்க நேயராம். எனக்கு ஒரு கார்டு போட்டிருக்காரும்மா. ஒரே நாத்தம், கூமுட்டையாட்டம். எழுத்து மட்டும் முத்து முத்தா இருக்குது."

பிரவீனாவின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. கிழித்துப் போடு, தூக்கி எறி, வாயைத் திறக்காதே என்று சொல்ல வேண்டும். அவ்வளவு பேரை வாசித்த நாக்கு... மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு வரவில்லை. சிவக்குமார்தான் போனைப் பிடுங்கி, கண்ணு, அதைக் கீழே போடு என்று கத்தினான்.

"இல்லீங்க மாமா, பாவமுங்க அவரு. 'அம்மணி வாசிக்க மாட்டேங்கறாங்க, நீயாச்சும் சத்தமா வாசி சாமி'ன்னு எழுதியிருந்துச்சு. ரூம்ல எல்லாத்துக்கும் கேக்கற மாதிரி அவரு பேரு, எம் பேரு ரெண்டையும் இப்பத்தான் வாசிச்சேன்."

அதற்கு மேல் அவள் பேசவில்லை. கூப்பிட்டுப் பார்த்தார்கள், யாழினி, யாழினி என்று. லைன் கட் ஆகவில்லை. அந்த விடுதியில் ரேடியோவுக்கு அனுமதியே கிடையாது, சிவக்குமாருக்கு அது நன்றாகத் தெரியும். ஆனால் போனுக்குள் பின்னால் எங்கோ ஸ்ஸ்ஸ் என்று இரைச்சல் கேட்டது... காகிதம் புரண்டது... பிறகு அந்தச் சின்ன மூச்சு.